உள்ளே வெள்ளையா, மஞ்சளா

ராசா, நலம் விசாரிக்கிற வரிகளை இந்தத் தடவை விட்டுவிட்டேன். இந்தக் காகிதத்தைக் கையில் பிடித்தபடியே எழுந்து அடுப்படிக்குப் போ. என் மருமகள் பாக்கியம் மோர் ஊற்றி வைக்கிற அந்தப் பித்தளைப் பானையை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்து உள்ளே பார். உள்ளே வெள்ளையாக இருந்தால் ஈயப் பூச்சு இருக்கிறது என்று அர்த்தம். என் பயமெல்லாம் வீண். அம்மாவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று சொல்லி இரண்டு பேரும் சிரித்துக்கொள்ளுங்கள். உள்ளேயும் மஞ்சளாக மின்னினால், அதில் இருப்பதைக் கொட்டு. பானையை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்து மிச்சத்தைப் படி.

முந்தாநாள்தான் உன் கடிதம் வந்தது. அதில் மூன்று விஷயம் எழுதியிருந்தாய். பாக்கியத்துக்கு ஐந்து மாதமாகியும் வாந்தி நிற்கவில்லை, மசக்கைதான் என்று வைத்தியர் சொல்கிறார், சோறு இறங்கவில்லை, புளித்த மோரும் ரசமும்தான் இறங்குகிறது என்பது ஒன்று. புதிதாக வாங்கிய எவர்சில்வர் தூக்கு மங்கிப்போய் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்துவிட்டது, அதைப் பளபளப்பாக்க என்ன வழி என்று அவள் கேட்கச் சொன்னாள் என்பது இன்னொன்று. மூன்றாவதாக என்னைச் சந்தோஷப்படுத்த ஒரு வரி போட்டிருந்தாய். ‘நீ கொடுத்த பித்தளைப் பானையை உள்ளும் புறமும் தங்கமாகத் தேய்த்து வைத்திருக்கிறாள். பார்த்தால் மெச்சுவாய் அம்மா.’ மெச்சவில்லை ஐயா. அந்த வரியைப் படித்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கே ஒரு கார்டு போட்டேன். ‘பித்தளைப் பானையில் மோர், புளி, ரசம் எதுவும் வைக்க வேண்டாம். எல்லாம் மண்சட்டியில்.’ அவ்வளவுதான் அதில் எழுதினேன். கார்டை ஊரே படிக்கும், அதற்கு மேல் எழுத எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் நீ கார்டை எப்படிப் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். சட்டையை மாட்டிக்கொண்டே பாதிக் கண்ணால் பார்ப்பாய், அம்மாவுக்கு வேறு வேலை இல்லை என்று அலமாரிமேல் போட்டுவிட்டு அச்சாபீசுக்கு ஓடுவாய். தந்தி கொடுக்கலாம் என்று பாலவனத்தத்திலிருந்து பஸ் ஏறி அருப்புக்கோட்டை தபாலாபீசுக்கே போனேன். அங்கே எழுதிக் கொடுக்கிற மனிதர் தலையைத் தூக்காமலே, “யாருத்தா தவறிட்டாக?” என்று கேட்டார். யாரும் இல்லை, ஒரு பானை விஷயம் என்றேன். மேலும் கீழும் பார்த்தார். தந்திக்காரன் கதவைத் தட்டினாலே பிள்ளைத்தாய்ச்சி என்ன நினைத்து மிரளுவாளோ என்று தோன்றியது. திரும்பி வந்துவிட்டேன். வந்தது சரியா தப்பா என்று இப்போது தெரியவில்லை. தபால் போய்ச் சேருகிறதற்குள் அவள் எத்தனை வேளை மோர் குடிப்பாள் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

பயமில்லாத விஷயத்தை முதலில் எழுதிவிடுகிறேன். எவர்சில்வருக்குச் செங்கல் பொடியும் மணலும் ஆகாது. போன பொங்கலுக்கு நீ கொண்டுவந்தாயே ஒரு தம்ளர், கண்ணாடியாட்டம் இருந்ததே, அதை நான் முதல் நாளே செங்கல் பொடி போட்டு வரட்டு வரட்டென்று தேய்த்துவிட்டேன். பூனை பிறாண்டின மாதிரி ஆகிவிட்டது. நீ ஊருக்குப் போகிற வரைக்கும் அதை உன் கண்ணில் படாமல் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தேன். அதில் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சாம்பலைத் துணியில் சலித்து, மாவு மாதிரி விழுவதை மட்டும் ஈரத் துணியில் தொட்டுத் தேய்க்கச் சொல். சீயக்காய்த் தூளும் போதும். கூர்ந்து பார்த்தால் பாத்திரத்தில் மெல்லிசாகக் கோடு ஓடும். அந்தக் கோடு போகிற பக்கமே கையும் போக வேண்டும், குறுக்கே தேய்த்தால் மங்கும். வெள்ளைத் திட்டு அழுக்கு இல்லை, உப்புத் தண்ணீர் காய்ந்த தடம். எலுமிச்சை மூடியால் தடவி, நல்ல தண்ணீரில் அலசி, ஈரம் காய்வதற்கு முன்னால் பழைய வேட்டித் துணியால் துடைத்துவிட வேண்டும். தானாகக் காயட்டும் என்று கவிழ்த்து வைத்தால் திட்டு திரும்ப வரும். அடி பிடித்தால் சுரண்ட வேண்டாம், வடிகஞ்சியை ஊற்றி ஊறப் போட்டால் தானே விட்டுவிடும். உப்புக்கல்லை மட்டும் அதில் போட்டு வைக்க வேண்டாம், புள்ளி புள்ளியாக அரித்துவிடும்.

இவ்வளவும் செய்து அப்புறமும் கீறல் விழுந்தால் விழட்டும் என்று அவளிடம் சொல். எவர்சில்வர் மேலே எதுவோ உள்ளேயும் அதுவே. எத்தனை வருஷம் தேய்த்தாலும் அடியிலிருந்து வேறொன்று கிளம்பி வராது. பித்தளை அப்படி இல்லை. உள்ளே ராவுத்தர் பூசிவிட்டுப் போகிற ஈயம் ஒரு மெல்லிய தோல்தான். அதைத் தேய்த்து உரித்துவிட்டு, புளிப்பை ஊற்றி வைத்தால் களிம்பு ஏறும். பச்சையாக. அது விஷம். இது எனக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்பாய். கேட்டுவிடக் கூடாது என்றுதான் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

சண்டை நடந்த வருஷம் அது. உனக்குப் பதினைந்து வயது, உன் தங்கச்சி வள்ளிக்கு நாலு. வீரசோழனிலிருந்து வருஷா வருஷம் ஈயம் பூச வருவாரே ஒரு ராவுத்தர், துருத்தியை வேப்பமரத்தடியில் வைத்து ஊதுவாரே, அந்த வருஷம் வெறுங்கையோடு வந்தார். “ஈயம் இல்லத்தா. மலாயாவுல இருந்து வரணும், அங்க சப்பான்காரன் உக்காந்திருக்கான். கடையில ஈயம்னு குடுக்கிறதுல பாதி காரீயம், அதுவும் விஷந்தான். அதை என் கையால பூச மாட்டேன்” என்றார். என் பானையை வாங்கிச் சாய்த்துப் பார்த்தார். உள்ளே ஈயம் பாதி போய், வெள்ளையும் மஞ்சளுமாகத் தேமல் விழுந்த முகம் மாதிரி இருந்தது. “தண்ணி வச்சுக்கிருங்க. மோரு, புளி மட்டும் வேண்டாம் தாயி. சொல்லிட்டேன்” என்றார். தலையை ஆட்டினேன். ஆறு மாதம் அவர் சொன்னபடி தண்ணீர்தான் வைத்தேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை, பார்.

அப்புறம் வள்ளிக்குக் காது குத்து வைத்தோம். நம்ம சனங்களிடம் ஒரு பழக்கம் உண்டு, நீ ஆண்பிள்ளை, கவனித்திருக்க மாட்டாய். விசேஷ வீட்டுக்கு வருகிற பெண்கள் வாசலில் கால் கழுவின கையோடு நேரே அடுப்படிக்கு வருவார்கள். அடுக்கில் இருக்கிற பாத்திரத்தைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். அவரவர் முகம் தெரிந்தால் அந்த வீட்டுக்காரி கெட்டிக்காரி. தெரியாவிட்டால், ஊருக்குத் திரும்புகிற வண்டியில் அந்தப் பேச்சுத்தான் ஓடும். நான் அந்த விஷயத்தில் பெரிய வீம்புக்காரி. தேமல் விழுந்த பானையை அவர்கள் தூக்கிப் பார்ப்பதை நினைத்தாலே எனக்கு மானம் போனது. புது ஈயம் பூச வழியில்லை. சரி, மிச்சமிருக்கிற ஈயத்தையும் எடுத்துவிட்டால் ஒரே நிறமாகிவிடும் என்று தோன்றியது. புளியும் செங்கல் பொடியும் போட்டு இரண்டு நாள் தேய்த்தேன், நகக்கண்ணெல்லாம் எரிந்தது. மூன்றாம் நாள் பானை உள்ளும் புறமும் தங்கமாட்டம் மின்னியது. நீ எழுதியிருந்தாயே, அதே தங்கம்.

காது குத்து அன்று விடியற்காலையில் பரளச்சியிலிருந்து உன் அத்தை முத்தம்மா வண்டியில் வந்தாள். உங்க அய்யாவுக்கு ஒரே தங்கச்சி, வீட்டில் எருமை வைத்திருந்தாள், ஊருக்கே போதும் என்கிற அளவுக்கு மோர் கொண்டுவந்திருந்தாள், இரண்டு பெரிய மண் கலயத்தில். “கலயத்துலயே இருக்கட்டும் மதினி, குளுமையா இருக்கும்” என்றாள். “விசேஷ வீட்ல பந்திக்கு முன்னால சட்டியத் தூக்கி வைக்கச் சொல்றியாக்கும்? சும்மா இரு தாயி” என்று சொல்லிவிட்டு, நான்தான் அத்தனை மோரையும் பானைக்குள் ஊற்றினேன். வந்த பெண்கள் பானையைப் பார்த்து மூக்கில் விரல் வைத்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் பந்திக்கு ஒன்றும் ஆகவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது. மத்தியானம் கடைசிப் பந்திக்கு மோர் மொள்ளப் போனேன். மோர் இறங்கியிருந்த இடத்தில், பானையின் உட்புறத்தைச் சுற்றிப் பச்சையாக ஒரு கோடு. பார்த்தேன் ராசா. இந்த இரண்டு கண்ணாலும் பார்த்தேன். ராவுத்தர் சொன்னதும் ஞாபகம் வந்தது. கொட்டிவிட்டால் கடைசிப் பந்திக்கு மோர் இல்லை, ஏன் இல்லை என்று கேட்பார்கள், பானையை எட்டிப் பார்ப்பார்கள். முந்தானையால் அந்தக் கோட்டைச் சுற்றித் துடைத்தேன். துடைத்துவிட்டு மோரை மொண்டு கொடுத்தேன்.

அன்று சாயங்காலமே கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவர்களெல்லாம் வாந்தி எடுத்தார்கள். நீயும் எடுத்தாய், உனக்கு ஞாபகம் இருக்கும். பெரியவர்களெல்லாம் இரண்டு நாளில் எழுந்துவிட்டார்கள். வள்ளி பானையின் அடியில் கிடந்ததைக் கையால் வழித்து நக்கியிருக்கிறாள். நான் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன், சிரித்திருக்கிறேன்கூட. மூன்றாம் நாள் காலையில் பிள்ளை போய்விட்டாள். காதில் குத்தின புண்கூட ஆறவில்லை.

எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். “மோரு யாரு கொண்டாந்தது?” எதில் ஊற்றினீர்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஆண்கள் கேட்க மாட்டார்கள், அவர்களுக்குப் பாத்திரம் என்றால் பாத்திரம். பெண்களில் யாராவது கேட்பார்கள் என்று நான் கல்லாகி உட்கார்ந்திருந்தேன். அவர்களும் கேட்கவில்லை. முத்தம்மா அழுதுகொண்டே, “அதே மோரைத்தான் அண்ணே எம்பிள்ளைகளும் வீட்ல குடிச்சுச்சு, அதுக நல்லாத்தான இருக்கு” என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். உங்க அய்யா, “இனிமே என் வாசப்படிய மிதிக்காத” என்றார். அவள் வெறுங்கலயம் இரண்டையும் தூக்கிக்கொண்டு நடந்தே போனாள். வண்டி கட்டக்கூட ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

நான் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்கிறாயா? பயம் ஐயா, வேறென்ன? பெற்ற பிள்ளையைப் பாத்திரத்து மினுக்குக்குக் கொடுத்தவள் என்று உங்க அய்யா என்னைப் பார்த்துவிடுவாரோ என்ற பயம். இன்றைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பேன். சுதந்திரம் வந்த வருஷம் அவரும் போய்ச் சேர்ந்தார். கடைசி மூச்சு வரைக்கும் தங்கச்சி முகத்தைப் பார்க்கவில்லை. உன் கல்யாணத்துக்கு முத்தம்மா வந்தது உனக்குத் தெரியுமோ என்னவோ. பந்தலுக்கு வெளியே நின்று நீ தாலி கட்டுகிறதைப் பார்த்துவிட்டு, கை நனைக்காமல் போனாள். ‘எந்தங்கச்சியக் கொன்னவ எதுக்கு வந்தா’ என்று நீ பல்லைக் கடித்தாய். பக்கத்தில்தான் நான் நின்றேன்.

இன்னும் இருக்கிறது. அந்தப் பானையை நான் விற்கவில்லை. எதற்கு விற்கிறாய் என்று யாராவது கேட்டுவிட்டால்? பரணில் போட்டு வைத்தேன். சண்டை முடிந்து ஈயம் வந்ததும் ராவுத்தர் பூசிக் கொடுத்தார். நீங்கள் மெட்ராசுக்குக் கிளம்பியபோது, நல்ல கனமான பானை என்று சொல்லி அதைத்தான் உங்கள் சாமானோடு கட்டிவிட்டேன். என் கண்ணைவிட்டுப் போனால் போதும் என்று இருந்தது. ஆமாம், உன் வீட்டில் இருப்பது அதே பானைதான். நீங்கள் புறப்படுவதற்கு முந்தின நாள் பாக்கியம் அதைக் கிணற்றடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். “அத்தே, உள்ள ஒரு மாதிரி மங்கலா இருக்கே, நல்லாத் தேச்சா போயிரும்ல?” என்று கேட்டாள். கையில் செங்கல் பொடி. அது ஈயம், தேய்க்காதே என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஏன் அத்தே என்று அவள் கேட்பாளே, உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பாளே என்று பயந்தேன். “பாத்துத் தேயி தாயி” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். ஒரு பிள்ளையை வாரிக் கொடுத்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

அதனால் பாக்கியத்தை ஒரு வார்த்தை சொல்லிவிடாதே. அவள் தேய்த்தது தப்பில்லை. சொல்லாதது என் தப்பு. இதைப் படித்ததும் அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ. மசக்கை என்று டாக்டர் சொன்னாலும் விடாதே, இத்தனை நாள் எந்தப் பாத்திரத்தில் மோர் குடித்தாள் என்பதை நீயாகவே சொல். வெட்கப்படாதே. வெட்கப்பட்டவள் கதைதான் இது. அவளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, கெட்டிப் பெண், வயிற்றில் இருக்கிறதும் கெட்டிதான் என்று வாய் சொல்லிக்கொண்டே இருக்கிறது. மனசு நம்ப மாட்டேன் என்கிறது. இந்நேரம் நீ பானையைப் பார்த்திருப்பாயா, பார்த்திருப்பாயா என்று அடித்துக்கொண்டே கிடக்கிறது.

இதை நான் நம்ம வீட்டில் உட்கார்ந்து எழுதவில்லை. பரளச்சியில், உன் அத்தை வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவளிடம் சொல்லாமல் உனக்கு எழுதக் கை வரவில்லை. காலையில் முதல் பஸ்ஸுக்கு வந்து வாசலிலேயே நின்றேன். ஏழு வருஷத்துக்கு அப்புறம் வருகிறேன், வா என்று சொல்வாளா, விளக்குமாற்றை எடுப்பாளா என்று தெரியாமல் நின்றேன். பாக்கியம், பானை, வாந்தி என்று அரைகுறையாக என்னவோ உளறினேன். அவள் பாதியிலேயே நிறுத்தி, “அழுதுக்கிட்டு நிக்காத மதினி. தபால் மத்தியானம் போயிரும், முதல்ல காயிதத்த எழுது” என்று பலகையை இழுத்துப் போட்டாள்.

இதுவரைக்கும் எழுதி முடித்ததும், என்ன எழுதினாய், வாசி என்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. முதலிலிருந்து எல்லாவற்றையும் வாசித்தேன். முந்தானையால் துடைத்த இடம் வந்ததும் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். அவள் மோர் கடைகிறதை நிறுத்தாமலே, “தெரியும். அன்னைக்கே உன் முந்தியில பச்சையாக் கெடந்துச்சு. பிள்ளையப் பறிகொடுத்தவள எப்படிக் காட்டிக் குடுக்கிறதுன்னு வந்துட்டேன்” என்றாள். அப்புறம் கயிற்றை விட்டுவிட்டு என்னைப் பார்த்து, “எங்கண்ணன் இருக்கையில இதை வாசிச்சிருக்கலாமே மதினி” என்றாள். காகிதத்தை எடுத்து மிச்சத்தையும் வாசித்து முடித்தேன் ராசா.

நாளை மறுநாள் விருதுநகரில் ரயில் ஏறி நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். பாக்கியத்துக்கு என்று முத்தம்மா ஒரு புதுக் கலயத்தைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வருகிறாள். ஸ்டேஷனில் எங்களைப் பார்த்ததும் முதலில் பானையின் உள்ளே வெள்ளையா மஞ்சளா என்பதைச் சொல்லிவிடு, அதுவரைக்கும் எனக்கு மூச்சு வராது. அப்புறம் என்னிடம் வராதே. அவளிடம் போய், ‘வாங்க அத்தே’ என்று கூப்பிட்டு அந்தக் கலயத்தைக் கையில் வாங்கு.